பச்சை பூத்த போன்

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா. அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் சும்மா. செல்போன் ரிப்பேர்க் கடையில் காஜா அண்ணன் எங்கள் போனைச் சூட்டுத் தட்டில் குப்புறப் போட்டிருக்கிறார், பசை இளகினால்தான் டிஸ்ப்ளே பெயர்ந்து வருமாம், அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மா முகம் எப்போதும் அப்படித்தான், இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு விட்டு மரத்துப்போன கையோடு முகமும் மரத்துவிட்டது போல. புதன்கிழமை போன் முதலில் பாதி பச்சையானது, பிறகு கோடு கோடாக ஓடியது, பிறகு கறுத்துவிட்டது. ஆனால் சாகவில்லை, அதுதான் கொடுமை. டிங் என்றது, கொஞ்ச நேரம் கழித்து டிங் டிங் என்றது, யாரோ கூப்பிட்டார்கள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது, கறுப்புக் கண்ணாடியில் விரலை எப்படி இழுத்தும் எடுக்க முடியவில்லை. கூப்பிட்டது ராஜாத்தியக்காவாகத்தான் இருக்கும். ஓசூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிப் போகிற அக்கா. பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், மார்க் கேட்க மாட்டார்கள், ஹாஸ்டல் உண்டு, சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேன். வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லாதவள் இடம் அடுத்த பிள்ளைக்கு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இன்றைக்குத்தான் சனிக்கிழமை. அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது, யாருக்குத்தான் யார் நம்பர் மனப்பாடம், கூட வருகிற பிள்ளைகளெல்லாம் வேறு ஊர், வாட்ஸப்பில் பார்த்த முகங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம் என்றால் சிம் தட்டு துருவேறி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. போன் செய்கிற கம்பெனிக்குப் போவதற்கு முதலில் ஒரு போன் பிழைக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் புதன்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“போட்டுட்டுப் போங்கக்கா, நாளைக்கு வாங்க” என்றுதான் காஜா அண்ணன் முதலில் சொன்னார். “இன்னைக்கே வேணும்” என்று நான் சொன்ன வேகத்தில் அம்மா திரும்பிப் பார்த்தாள். “என்னட்டி அவ்வளவு அவசரம்?” “சும்மாத்தான்.” சும்மாத்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்ப மாட்டேன். ஆனால் அம்மாவும் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. பொம்பளைப் பிள்ளை போட்டோவெல்லாம் கிடக்கிற போன், கண்ணுக்கு முன்னால்தான் பிரிக்கணும், கண்ணுக்கு முன்னால்தான் மூடணும் என்று கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். “ஆபரேஷனுக்கே சொந்தக்காரங்கள உள்ள விட மாட்டாங்க, நீங்க என்னன்னா மூக்க உள்ள விட்டுட்டு இருக்கிய” என்று காஜா அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “நீங்க உங்க வேலையப் பாருங்க தம்பி, நாங்க பாட்டுக்கு இருக்கோம்.” அப்புறம் லாக் என்ன என்று கேட்டார், டச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். “ப மாதிரி இழுக்கணும். பியூலாவுக்கு ப.” அவர் ஒரு துண்டு வெள்ளை டேப்பைக் கிழித்துப் போன் முதுகில் ஒட்டி, அதில் பேனாவால் ப போட்டார். என் பெயரின் முதல் எழுத்து, எங்கள் வீட்டுப் பூட்டு, இப்போது எல்லாரும் பார்க்க அந்த டேப்பில் உட்கார்ந்திருக்கிறது. என் பயம் டேப் இல்லை. காலையில் அம்மா கையில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் ராஜாத்தியக்கா அனுப்பியதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன், ஒருநாள் கூடத் தவறியதில்லை. இப்போது புதன்கிழமையிலிருந்து வந்ததெல்லாம் அழிக்காமல் உள்ளே குவிந்து கிடக்கிறது. வெளிச்சம் வந்தால் முதலில் அதுதான் வரும். வெளிச்சம் வராவிட்டால் வேன் போய்விடும். வரணும். வரக்கூடாது. வரணும், ஆனால் அம்மா அந்த நேரம் பார்த்து டீ வாங்க எழுந்து போகணும். அம்மா எழுந்து போக மாட்டாள். டீ குடிக்கிறியாம்மா என்று ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுவிட்டேன், மூன்றாவது தடவை கேட்டால் சந்தேகப்படுவாள், இப்போதே படுகிறாளோ என்னவோ.

டிஸ்ப்ளேயின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி காஜா அண்ணன் மெதுவாக இழுக்கிறார், பசை நூல் நூலாக நீண்டு அறுகிறது. எங்கள் வீட்டில் இருக்கிறது இந்த ஒரு போன்தான். பகலில் அம்மாவிடம், ராத்திரி என்னிடம். அப்பாவிடம் ஒரு போன் இருக்கிறது, அது அப்பாவோடு வேறு வீட்டில் இருக்கிறது, அதை விடுங்கள். அம்மா போனை வைக்கிற இடம் ஜாக்கெட்டுக்குள். கம்பெனியில் பை கொண்டுபோக விட மாட்டார்கள், இடுப்பில் செருகினால் குனியும்போது ஐஸ் தொட்டிக்குள் விழும், வேறு எங்கே வைப்பாள். சாயங்காலம் எடுத்து என் கையில் தரும்போது கதகதவென்று இருக்கும், ஒரு இறால் நாற்றம் அடிக்கும் பாருங்கள், காதில் வைத்தால் மூக்குக்குள் போகும். “எம்மா, இத எப்படிம்மா காதுல வைக்க, நாறுது” என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. தினமும் சொல்லியிருக்கிறேன். நாறினால் நாறுகிறது என்றுதானே சொல்ல முடியும். பிறகு கொஞ்ச நாளாக நாற்றம் குறைந்திருந்தது, நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை, ராஜாத்தியக்காவை யோசிக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பின்வாசலுக்குப் போனபோது அம்மா குழாயடியில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். கையில் போன். முழங்கை ஆடியது. “என்னம்மா பண்ற?” என்றதும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, போ, அடுப்பப் பாரு” என்றாள். மறுநாள் போன் கறுத்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா வந்து, இறால் கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன், வருகிற திங்கள் உன்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்று சொல்லியிருந்தாள், என்னிடம் கேட்கவே இல்லை, ஏதோ எனக்குச் சேலை எடுத்துவிட்டு வந்த மாதிரி சந்தோஷமாகச் சொன்னாள். நான் ம் என்றேன். அந்த ம்-ஐ அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். பிறகு ஏதோ ஒரு மெசேஜைப் பார்த்திருக்கிறாள், அம்மா பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாகத்தான் படிப்பாள், ஆனால் படிப்பாள். படித்துவிட்டு குழாயைத் திறந்து போனைக் காட்டியிருக்கிறாள். அம்மா அப்படிச் செய்வாளா? செய்வாள். பொதுப்பரீட்சை சமயத்தில் டிவி ரிமோட்டைக் கிணற்றில் போட்டவள். போட்டுவிட்டு, காணோமே எங்கே போச்சு என்று என்னோடு சேர்ந்து தேடவும் செய்தவள்.

“அல்லாவே” என்கிறார் காஜா அண்ணன். டிஸ்ப்ளே முழுதும் வந்துவிட்டது. திருகாணிகளைக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வைத்து, பேட்டரி வயரை முதலில் எடுத்துவிட்டு, உள்ளே இருந்த தகட்டைத் தூக்கி விளக்குக்கடியில் பிடிக்கிறார். “இங்க பாருங்க.” நாங்கள் ரெண்டு பேரும் எட்டிப் பார்க்கிறோம், அம்மாவின் தலை என் தலையில் இடிக்கிறது. டிஸ்ப்ளே வந்து சொருகுகிற இடத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை. பச்சைக்கு மேல் வெள்ளைப் பொடி. “தண்ணில போட்டியளாக்கா?” “சத்தியமா இல்ல தம்பி.” சத்தியமாம். நான் தரையைப் பார்க்கிறேன். தரையில் யாரோ ஒருவரின் உடைந்த கண்ணாடிச் சில்லு மின்னுகிறது. “சட்டைக்குள்ள வைப்பியளோ?” அம்மா கூச்சத்தோடு தலையை ஒரு பக்கமாக ஆட்டுகிறாள். “வேர்வை கொஞ்சம் வேலை பண்ணிருக்கு. ஆனா இது வேர்வை மட்டும் இல்லக்கா. கீழ சார்ஜ் போடுத பக்கம் அவ்வளவு மோசமில்ல. மேல, காதுல வைக்கிற சல்லடை இருக்குல்லா, அது வழியாத்தான் இறங்கிருக்கு. ஒருநாள் விழுந்தது இல்ல. தினமும் எதையோ விட்டிருக்கிய.” தினமும். ஒருநாள் கோபத்தில் செய்தது இல்லை, தினமும் செய்திருக்கிறாள், முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது, ராஜாத்தியக்கா என் பெயரை எழுதின நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், தெரிந்துகொண்டே திங்கட்கிழமை வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனைக் கொன்றிருக்கிறாள். இப்போதே எழுந்து கத்த வேண்டும் போலிருக்கிறது. கடையில் வைத்தே கேட்கப் போகிறேன், காஜா அண்ணன் கேட்டால் கேட்கட்டும், எனக்கென்ன. அம்மா வாயைத் திறக்கிறாள். “எலுமிச்சம்பழமா இருக்குமோ தம்பி?”

காஜா அண்ணன் அவளையே பார்க்கிறார். “என்னது?” “தோலு. பிழிஞ்ச தோலு. கம்பெனி நாத்தம் போறதுக்குக் கையில போட்டுத் தேய்ப்போம்லா. அதையே இதுக்கும் ஒரு தேய் தேய்ச்சித் துடைச்சிட்டுக் குடுப்பேன். இவ ராத்திரி காதுல வைக்கணும். நாறுதுன்னு சொல்லுவா. காதுல வைக்கிற இடம்னுதான் அதுல நல்லாத் தேய்ப்பேன். அது தப்பா?” “தினமுமா?” “பின்ன? கை தினமும்தானே நாறுது.” காஜா அண்ணன் தகட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்கிறார். “யக்கா! பித்தளைச் செம்ப எலுமிச்ச போட்டுத் தேய்ச்சிட்டுக் கழுவாம வச்சா என்னாவும்? பச்சை பூக்கும்லா? உள்ள பூரா செம்புக்கா. நல்லவேளை புளி போட்டு விளக்காம விட்டிய.” “புளி போட்டா கறை விழும்லா” என்கிறாள் அம்மா, நிஜமாகவே சொல்கிறாள், அவர் கிண்டல் செய்கிறார் என்று புரியாமல். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அன்னைக்குக் குழாயடியில ஏன்மா ஒளிச்ச?” என்று கேட்கிறேன். “நீ பாத்தா கத்துவ. போன்ல ஈரம் படக்கூடாதும்மான்னு பாடம் எடுப்ப. நாறுனாலும் கத்துத, துடைச்சாலும் கத்துத.” அவ்வளவுதான். மறுபடி முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். ஆக அம்மாவுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. நான் நிம்மதியாக வேண்டும், இல்லையா, மூன்று நாளாக இதற்குத்தானே தவித்தேன். நிம்மதியாக இல்லை. தெரிந்தே கெடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை எனக்கு நன்றாக வரும். சண்டை போட்டுவிட்டு வேன் ஏறுவது சுலபம், கதவைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி. இப்போது எதைச் சாத்துவது. ஓசூருக்கு நான் ஏன் போகிறேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன், சம்பளம் என்பேன், ஆனால் நிஜம் என்னவென்றால் எனக்கு அம்மா கை மாதிரி ஒரு கை வேண்டாம். அங்கே கையுறை உண்டு, தலைக்குத் தொப்பி உண்டு, தூசி கூடக் கிடையாதாம். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது. அவள் அந்தக் கையால்தான் எலுமிச்சையைத் தேய்த்திருக்கிறாள்.

பல் தேய்க்கிற பிரஷ்ஷை ஸ்பிரிட் மாதிரி வாசம் அடிக்கிற ஒரு தண்ணியில் நனைத்து காஜா அண்ணன் பச்சையைத் தேய்க்கிறார். சரக் சரக். பிறகு சூடான காற்று. பிறகு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, டிஸ்ப்ளே சொருகுகிற இடத்துச் செம்புப் பற்களை ஊசியால் ஒவ்வொன்றாக நெருடுகிறார். “பாதி பல்லுதான் பாக்கி. வந்தா வரும்.” வந்தா வரும் என்றால் என்ன அர்த்தம். வெளியே வெயில் சாய்ந்து எதிர்க்கடை ஷட்டரில் ஏறிவிட்டது, ராஜாத்தியக்கா இந்நேரம் எண்ணிக்கொண்டிருப்பாள், பியூலா பதில் இல்லை, அடுத்தது யார் என்று. அங்கே உள்ளே போனை விட மாட்டார்களாம், வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டுமாம், நாளெல்லாம் போன் செய்வோம், கையில் போன் இருக்காது, ராத்திரிதான் வீட்டுக்குப் பேச முடியும் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டுக்குப் பேச முடியும். எந்தப் போனிலிருந்து எந்தப் போனுக்கு? ஒரு போன்தானே. நான் கொண்டுபோனால் அம்மா எதில் பேசுவாள், அம்மாவிடம் விட்டுப்போனால் நான் எதில். இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவே இல்லையே. வேனில் எந்த சீட் என்று யோசித்திருக்கிறேன், ஜன்னல் ஓரம், போர்வை கொண்டுபோக வேண்டுமா என்று யோசித்திருக்கிறேன், ஓசூரில் குளிருமாம், அம்மா ராத்திரி சும்மா உட்கார்ந்திருப்பாளே, நாற்றம் போகத் துடைத்துக் கொடுக்க அவள் கையில் ஒன்றும் இருக்காதே என்று யோசிக்கவில்லை. காஜா அண்ணன் புது டிஸ்ப்ளேயைச் சொருகி பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்துகிறார். கறுப்பு. மறுபடி அழுத்துகிறார். கறுப்பு. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிறது, சரி, வராது, முடிந்தது, திங்கட்கிழமை கம்பெனி, நானாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை, விதி என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் பிடுங்கிவிட்டு வாயால் ஊதி, ஒரு பல்லை மறுபடி நெருடி, சொருகி அழுத்துகிறார். வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை. “வந்துட்டான்!” என்கிறார். அம்மா கைகூப்புகிறாள், போனையா அவரையா தெரியவில்லை.

ஆனால் உடனே தரவில்லை. ஓரத்தில் பசை போட்டு டிஸ்ப்ளேயை அமுக்கி, குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்டுகளை மாட்டுகிறார், பசை காயும் வரைக்கும் கழற்றக் கூடாதாம். “நண்டக் கட்டுன மாதிரில்லா இருக்கு” என்று அம்மா அதை மேஜையிலிருந்து தன் பக்கம் நகர்த்துகிறாள். நான் கையை நீட்டுகிறேன், “எங்கிட்டத் தாம்மா”, அவள் தரவில்லை, “இரு, பாக்கட்டும்”, அந்த நொடியில் சிக்னல் வந்துவிட்டது. டிங். டிங். டிங் டிங் டிங். மூன்று நாளும் ஒன்றாக வந்து விழுகிறது. ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பஸ் போர்டு படிக்கிற குரலில் படிக்கிறாள். “ரா… ராஜாத்தி. பியூலா. ஓ… சூர் வேன் நா… ளை விடி… காலை.” பிடுங்கிக்கொண்டு ஓடலாம். “வரு… வதா இருந்தா இன்னைக்கே சொல்லு. இந்த ரப்பர் மறைக்கே.” நகத்தால் ரப்பர் பேண்டைக் கொஞ்சம் நகர்த்துகிறாள். அடியில் இருந்ததையும் படிக்கிறாள், இந்தத் தடவை எழுத்தெழுத்தாக இல்லை, ஒரே மூச்சில். “அம்மாகிட்ட சொல்லிட்டியா?” காஜா அண்ணன் திருகாணித் தட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். அம்மா அந்த வரியையே பார்க்கிறாள். திரை அணைகிறது, அவள் விரலால் தட்டி எழுப்பி மறுபடி பார்க்கிறாள். “எம்மா” என்கிறேன். “பேசாத. எங்கிட்டப் பேசாத நீ.” குரல் ஏறவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, ரிமோட்டைக் கிணற்றில் போட்ட அன்றைக்கும் இப்படித்தான் ஏறவில்லை. போனை என்ன செய்யப் போகிறாள். கை பழக்கத்தில் ஜாக்கெட் பக்கம் போகிறது, காஜா அண்ணன் நிமிர்ந்து, “யக்கா, திரும்பவுமா!” என்று கத்துகிறார், கை பாதியில் நிற்கிறது. அப்படியே நிற்கிறது. பிறகு அம்மா போனை மேஜையில் என் முன்னால் வைக்கிறாள், நண்டை வைக்கிற மாதிரி, மெதுவாக, கையை உடனே எடுத்துக்கொள்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி அலமாரியைப் பார்க்கிறாள். “தம்பி, பட்டன் போன் இருக்கா? பழசுன்னாலும் பரவால்ல.” “இருக்குக்கா. யாருக்கு?” “எனக்குத்தான். இவ அங்க போயி யாருக்குப் பேசுவா பின்ன?” அவர் அலமாரியைத் திறக்கிறார். “இது வேர்வைக்கெல்லாம் அசையாதுக்கா, ஆனா எலுமிச்ச…” “தேய்க்க மாட்டேன்” என்கிறாள் அம்மா, “யாரு இருக்கா நாறுதுன்னு சொல்ல.” எனக்குக் கண்ணுக்குள் வெள்ளையாக இருக்கிறது, திரை மாதிரி. ரெண்டு ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே விரலை விட்டு ப போடுகிறேன். திறக்கிறது. புதுக் கண்ணாடியில் பசை வாசம் மட்டும்தான், வேறு எதுவும் இல்லை, மூக்கில் வைத்தே பார்த்துவிட்டேன். “டச் எடுக்குதா தங்கச்சி?” என்று அலமாரிக்குள் இருந்து காஜா அண்ணன் கேட்கிறார். ராஜாத்தியக்காவுக்குப் பதிலை எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். “எடுக்குதுண்ணே.”